அம்மாவின் 43 மணித்தியாலம்

அன்புள்ள மச்சான்,

நாலு மாதமாக எழுதவில்லை, என்னில் பிழைதான். வீட்டில் எல்லாரும் சுகம். கட்டையன் கடையைப் பெருப்பித்துவிட்டான், உன்னை விசாரித்தான். மற்றதெல்லாம் பிறகு.

நேற்றுப் பின்னேரம் கல்லடிக்குப் போனேன். ரொறன்ரோவுக்கு உன்னிடம் வர நீ அனுப்பிய ரிக்கற் தாளை அம்மா நாலாக மடித்து, சீலை முடிச்சில் வைத்திருந்தா. விரித்துத் தந்து, "தம்பி, இதில எவ்வளவு நேரம் நான் இருக்கவேணும்?" என்று கேட்டா. தூரத்தைக் காட்டுவோம் என்று மகளின் பூமி உருண்டையை எடுத்துப்போய், அம்மாவின் தையல் பெட்டி நூலைக் விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவில் பிடித்து ரொறன்ரோவரை இழுத்தேன். நூல் மேற்கே போகவில்லை மச்சான். வடக்கே ஏறி, ரஷ்யாவைக் கடந்து, கிறீன்லாந்து ஐஸுக்கு மேலால் இறங்கியது. "இவ்வளவு குளிருக்குள்ளாலயா?" என்று அம்மா நூலைத் தடவிப் பார்த்தா.

அந்த நூல் ஏறக்குறைய 14,000 கிலோமீற்றர். ஆனால் அந்த வழியே நேராகப் போக விமானம் கிடையாது. டுபாய்க்கு 3,300, அங்கிருந்து ரொறன்ரோவுக்கு 11,000. பறக்கும் நேரம் ஐந்தும் பதினாலுமாக 19 மணித்தியாலம். அதை அம்மா தாங்குவா.

மறுகா மிச்சத்தையும் கூட்டினேன். மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்கா 300 கிலோமீற்றர்தான், ஆனால் பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருணாகல் என்று வான் வண்டியில் இரவு முழுக்க எட்டு மணித்தியாலம். விமான நிலையத்தில் மூன்று. டுபாயில் காத்திருப்பு 13! எல்லாமாக 43. மச்சான், தூரத்தை நினைத்து நான் பயப்படவில்லை. அந்த 13 மணித்தியாலம்தான் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. போன கிழமை கோயிலில் அரை மணி நேரம் நின்றதற்கே அம்மாவின் கணுக்கால் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் இரவுவரை போகவில்லை. பாஷை தெரியாத இடத்தில், கழிப்பறைக்குப் போவதென்றாலும் கைப்பையை யாரிடம் கொடுப்பா?

"அவன் காசு கட்டிட்டான், ஒண்டும் சொல்லாத" என்று என்னிடம் சத்தியம் வாங்கினா. சத்தியத்தை மீறித்தான் எழுதுகிறேன், கோபிக்காதே.

முடிந்தால் ரிக்கற்றை மாற்று. டுபாயில் மூன்று, நாலு மணித்தியாலம் போதும். அதைவிடக் குறைந்தாலும் அம்மாவால் ஓட முடியாது. சக்கர நாற்காலிக்கு இப்போதே சொல்லி வை, கடைசி நாள்வரை விடாதே. மருந்துகளையும் டொக்டர் எழுதித் தந்த மருந்துத் துண்டையும் கைப்பையில் நான் வைத்துவிடுவேன். பிரஷர் குளிசை இங்கே இரவு எட்டுக்குப் போடுவா. ஓகஸ்டில் உனக்கு அது காலை பத்தரை. வழியில் எந்த நேரத்தில் போடுவது என்று டொக்டரிடம் கேட்டு, பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்கிறேன். திரும்பி வரும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும், டுபாய்வரை ஒரு மணித்தியாலமாவது குறையும். அந்தப் பயணத்துக்கும் காத்திருப்பைப் பார்த்தே போடு.

கட்டுநாயக்காவரை நானும் போகிறேன், வானுக்குச் சொல்லிவிட்டேன். அம்மா உனக்கென்று தூள் வறுக்கத் தொடங்கிவிட்டா, ஒழுங்கை முழுக்க மல்லி வாசம்.

ரிக்கற் மாற்ற எவ்வளவு கூடுதலாகக் கேட்கிறார்கள் என்று உடனே எழுது. பாதி நான் தருகிறேன், அம்மாவுக்குச் சொல்லாதே.

உன் மச்சான்