செயலாளரின் ஆண்டறிக்கை: பசுமை ஹைட்ரஜனோடு ஓராண்டு

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தபடி, இந்த ஆண்டுக் கூட்டங்களை வாகன எரிபொருளாகப் பசுமை ஹைட்ரஜன் என்ற ஒரே பொருளுக்கு ஒதுக்கினோம். வெயில், காற்று போன்றவற்றின் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுக்கும் ஹைட்ரஜனுக்குத்தான் அந்தப் பெயர். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

முதல் செய்முறைக் கூட்டத்தில் தண்ணீரில் மின்சாரம் பாய வேண்டுமே என்று சாப்பாட்டு உப்பைக் கரைத்துவிட்டேன். ஒரு பக்கம் ஹைட்ரஜன் குமிழி வந்தது. மறுபக்கம் குளோரின் நெடி கிளம்பி, சன்னல்களையெல்லாம் திறக்க வேண்டியதாயிற்று. தவறு என்னுடையதுதான். அடுத்த முறை சலவைச் சோடா போட்டோம். ஒரு குழாயில் மற்றதைப்போல் இரு மடங்கு வாயு சேர்ந்தது. அதுதான் ஹைட்ரஜன்; தீக்குச்சியை நீட்டியதும் 'பட்' என்று வெடித்தது. கடல்நீரை அப்படியே எலக்ட்ரோலைசரில் (மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிக்கும் கருவியில்) விட முடியாததற்கு ஒரு காரணம், முதல் கூட்டத்துக் குளோரின் நெடியிலிருந்தே எல்லோருக்கும் விளங்கியது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குக் குறைந்தது 9 லிட்டர் தண்ணீர் வேண்டும், அதுவும் உப்பு நீக்கிய தண்ணீர்.

தண்ணீரைவிடப் பெரிய சிக்கல் மின்சாரம். ஒரு கிலோ பிரித்தெடுக்க 50 முதல் 55 யூனிட் ஆகிறது. அந்த ஒரு கிலோவுக்குள் இருப்பதோ சுமார் 33 யூனிட் ஆற்றல். காரின் டேங்கில் அடைக்க 700 பார் அழுத்தம் தேவை. அதற்கும் மின்சாரம் செலவாகும். அப்புறம், ஹைட்ரஜனைக் காருக்குள் மறுபடி மின்சாரமாக்கும் எரிபொருள் மின்கலத்தில் ஏறக்குறைய பாதி வெப்பமாகப் போய்விடுகிறது. கரும்பலகையில் கூட்டிக் கழித்துப் பார்த்தால், 100 யூனிட்டில் சக்கரத்துக்கு வந்து சேருவது 30 யூனிட் அளவுதான். அதே மின்சாரத்தை பேட்டரியில் ஏற்றினால் 70க்கு மேல் கிடைக்கும். அன்று இரவு நெடுநேரம் யாரும் கிளம்பவில்லை.

சேமிப்பு பற்றியும் பேசினோம். திரவமாக்க மைனஸ் 253 டிகிரி வரை குளிர்விக்க வேண்டும். மூலக்கூறு மிகச் சிறியது என்பதால் எளிதில் கசியும், சில எஃகு வகைகளை நொறுங்க வைக்கும். பகலில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரிவதே அரிது.

இன்னொன்றையும் பதிவு செய்ய விரும்புகிறேன். இன்று உலகில் தயாராகும் ஹைட்ரஜனில் மிகப் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும்தான் வருகிறது. வெயிலையும் காற்றையும் நம்பினால் எலக்ட்ரோலைசர் பல மணி நேரம் சும்மா நிற்கும். அப்போது போட்ட முதலீட்டைத் திரும்ப எடுப்பது கடினம்.

சிறிய கார்களுக்கு இது ஒத்துவராது என்பதே செயற்குழுவின் கருத்து. பேட்டரியின் எடை சுமையாகிவிடும் நெடுந்தூர லாரிகளுக்குப் பயன்படலாம் என்ற நம்பிக்கை இருக்கிறது. வரும் ஆண்டில் அந்தக் கணக்கைத் தனியாகப் போட்டுப் பார்க்கவிருக்கிறோம்; லாரி ஓட்டிய அனுபவமுள்ள உறுப்பினர்கள் பெயர் கொடுத்தால் உதவியாக இருக்கும்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்