ஏரி வண்டல்: நிற்கும் வண்டிக்கும் வாடகையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏரி, குளங்களில் வண்டல் எடுக்க உழவர்கள் வட்டாட்சியரிடமே அனுமதி வாங்கலாம் என்று 2024-ல் விதி எளிதாக்கப்பட்டது. புன்செய் என்றால் ஏக்கருக்கு 90 கன மீட்டர், நன்செய் என்றால் 75 வரை எடுக்கலாம். மண்ணுக்குக் காசு கிடையாது, செலவெல்லாம் ஜேசிபிக்கும் டிராக்டருக்கும்தான். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இந்த வண்டிகளை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் ஒரு வண்டி, இரண்டு வண்டிச் சிறு முதலாளிகள். மணிக் கணக்கில் வாடகை பேசும் பழக்கத்தால் அவர்களும் நட்டப்படுகிறார்கள், உழவரும் நட்டப்படுகிறார்.

கணக்கு இது. டிராக்டர் டிரெய்லர் ஒன்றில் ஒரு யூனிட், அதாவது 100 கன அடி ஏறும். 90 கன மீட்டர் என்பது ஏறக்குறைய 32 லோடு. ஜேசிபியின் முன் பக்கெட் ஒரு கன மீட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். மூன்று பக்கெட்டில் டிரெய்லர் நிறைந்துவிடும். வண்டியைத் திருப்பி நிறுத்துவதையும் சேர்த்தால் லோடுக்கு 5 நிமிடம். கொல்லை (புன்செய் நிலம்) 2 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போக 8, வர 8, கொட்ட 5, ஏற்ற 5, ஆக ஒரு சுற்றுக்கு 26 நிமிடம். ஆகவே ஜேசிபி நிற்காமல் ஓட 5 டிராக்டர் வேண்டும். நம் ஊரில் 3 டிராக்டரை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். மூன்றையும் ஏற்றும் 15 நிமிடம் போக, ஒவ்வொரு சுற்றிலும் ஜேசிபி 11 நிமிடம் சும்மா உறுமிக்கொண்டு நிற்கிறது. மணிக்கு 11 லோடு போக வேண்டிய இடத்தில் 7 லோடுதான் போகிறது. மணி வாடகை 1,200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், லோடுக்கு 109 ரூபாயில் முடிவது 171 ஆகிறது. வண்டிக்காரருக்கும் இதில் லாபமில்லை. நிற்கும்போதும் டீசல் எரிகிறது, எஞ்சின் ஓடிய மணியைக் காட்டும் ஹவர் மீட்டர் ஓடுகிறது, ஆயில் மாற்றும் நாள் முன்னதாகவே வந்து நிற்கிறது.

ஆகவே லோடுக்கு இவ்வளவு என்று பேசுங்கள். முதல் நாளே டிரெய்லரின் நீளம், அகலம், உயரத்தை அடியில் அளந்து பெருக்கி, நூறால் வகுத்து, எத்தனை யூனிட் என்று பார்த்துவிட்டால் பிறகு சச்சரவு வராது. வெட்டிய வண்டல் கால் பங்கு வரை உப்பும். குழியை அளந்தால் ஒரு கணக்கும் டிரெய்லரை அளந்தால் வேறு கணக்கும் வரும்; எதை அளப்பது என்பதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

ஈரம்தான் அடுத்த எதிரி. ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்திப் பாருங்கள். கையில் ஒட்டினால் பக்கெட்டிலும் ஒட்டும். அள்ளியதில் ஒரு பங்கு கொட்டாமல் திரும்பி வரும். காய்ந்து பாளம் பாளமாக வெடித்த வண்டலை ஜேசிபியை விட்டே உடைப்பதும் வீண்செலவு. டிராக்டரில் ஐந்து கொழுக் கலப்பையை மாட்டி முதல் நாளே உழுது போட்டால், மறுநாள் முன் பக்கெட் வழித்துக்கொண்டு போகும். பின் பக்கெட் கால் கன மீட்டர்தான் பிடிக்கும். அதில் ஏற்றினால் ஒரு டிரெய்லருக்குப் பன்னிரண்டு முறை சுழல வேண்டும்.

புழுதியில் ரேடியேட்டரும் ஏர் ஃபில்டரும் அடைபடும். மாலையில் ஃபில்டரை உள்ளிருந்து வெளியே காற்றடித்துச் சுத்தம் செய்யவும், பக்கெட் மூட்டுகளில் உள்ள இரும்புப் பின்களுக்குத் தினமும் கிரீஸ் வைக்கவும் தவறக்கூடாது. டிரெய்லருக்குக் கூடுதல் பலகை கட்டி உயர்த்துவது ஆபத்து. ஏரியிலிருந்து மேடேறும்போது டிராக்டரின் முன்சக்கரம் தூக்கும்.

கறுப்பு வண்டல் முடிந்து சுக்கானோ (சுண்ணாம்புக் கல் கலந்த மண்) செம்மண் கிராவலோ தெரிந்தால் அதே இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அதற்குக் கீழே தோண்டினால் தண்ணீர் அந்த வழியே இறங்கிவிடும். ஆழப்படுத்திய ஏரி சீக்கிரம் வற்றுவதற்கு இதுவும் காரணம். கரையடியிலும் மதகின் அருகிலும் கை வைக்கவே கூடாது. கரையை வெட்டி வழி எடுப்பதையும் யாரும் அனுமதிக்கக் கூடாது.

கொல்லையில் 11 மீட்டருக்கு ஒரு குவியல் என்று கொட்டினால் ஏக்கருக்கு 32 லோடு சரியாகப் பரவும். நிரவிய பிறகு கனம் ஓர் அங்குலம்கூட வராது. ஆனாலும் தண்ணீர் நிற்காத நம் செம்மண்ணில் கேழ்வரகுக்கும் நிலக்கடலைக்கும் அந்த மெல்லிய வண்டலே பெரிய துணை.

மாவட்ட நிர்வாகத்திடம் ஒரு வேண்டுகோள். ஓர் ஏரிக்கு விண்ணப்பித்தவர்கள் அனைவருக்கும் ஒரே வாரத்தில், பிப்ரவரி அல்லது மார்ச்சில் அனுமதி கொடுங்கள். ஒருவருக்கு மார்ச்சிலும் அடுத்தவருக்கு மே மாதத்திலும் கொடுத்தால் வண்டி இருமுறை வர வேண்டியிருக்கிறது, அதற்குள் கோடை மழையும் பெய்துவிடுகிறது. எடுக்க வேண்டிய இடத்தையும் ஆழத்தையும் கிராம நிர்வாக அலுவலர் முன்னிலையில் முளை அடித்துக் காட்டினால் வண்டி ஓட்டுபவருக்கு எங்கே நிறுத்துவது என்ற குழப்பம் இருக்காது.

இப்படிக்கு,
ஜேசிபி, டிராக்டர் வாடகைக்கு விடுவோர்,
காரிமங்கலம், தருமபுரி மாவட்டம்.