கெடு எங்களுக்கு மட்டும்தானா? ஐரோப்பிய ஆணையத்திற்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய ஆணையத் தலைவருக்கும் ஆணையர்களுக்கும்,

வணக்கம். பண்ணை விலங்குகளைக் கூண்டில் அடைத்து வளர்ப்பதை ஒழிக்கக் கோரி ஏறத்தாழ 14 லட்சம் பேர் ஒப்பமிட்ட குடிமக்கள் முன்முயற்சியை, அதாவது சட்டம் கொண்டுவரும்படி ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் கையெழுத்துத் திரட்டித் தங்களிடம் வைக்கும் கோரிக்கையை, தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2021 ஜூனில் அதை ஏற்று, 2023 முடிவதற்குள் சட்ட முன்வரைவு வரும் என்று எழுத்தில் வாக்களித்தவர்கள் தாங்கள்தாம். அந்த 2023 டிசம்பரில் விலங்குகளை ஏற்றிச்செல்வது பற்றியும், நாய் பூனைகளின் நலம் பற்றியும் முன்வரைவுகள் வந்தன. கூண்டு பற்றியது மட்டும் வரவில்லை.

இத்தகைய முன்முயற்சிக்குக் கையெழுத்துத் திரட்டுவோர் படும் பாட்டைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒன்றியத்தின் ஏழு நாடுகளில் வாழும் எழுவர் கூடித் தொடங்க வேண்டும். 12 மாதங்களுக்குள் பத்து லட்சம் ஒப்பங்கள் சேர வேண்டும். குறைந்தது ஏழு நாடுகளில் தனித்தனியே குறைந்தபட்ச எண்ணிக்கையையும் எட்ட வேண்டும். கோரிக்கையைக் கேட்டுத் தலையசைத்துப் பேனாவையும் வாங்கிக்கொண்டவர், சில நாடுகளின் படிவத்தில் அடையாள அட்டை எண் கேட்கும் கட்டத்தைக் கண்டதும் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுகிறார். எஞ்சிய ஒப்பங்களையும் அந்தந்த நாட்டு அதிகாரிகள் சரிபார்த்துச் செல்லாதவற்றைக் கழிக்கிறார்கள். எங்களுக்குக் கெடு என்றால் கெடுதான்.

ஆணையம் முன்வரைவு கொண்டுவந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதை ஐரோப்பிய நீதிமன்றம் 2019-இல் உறுதிசெய்துவிட்டது. அதை எதிர்த்து வாதிட நான் வரவில்லை. மறுப்பதானால் காரணம் சொல்லி மறுத்துவிடலாம். செய்கிறோம் என்று தாங்களே தேதி குறித்த பின், அந்தத் தேதி தங்களைக் கட்டுப்படுத்த வேண்டாமா?

நாங்கள் வாக்களித்து அனுப்பிய ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் 558 உறுப்பினர்கள் இக்கோரிக்கையை ஆதரித்தார்கள். ஆனால் அவர்களுக்கும் முன்வரைவைத் தாமே கொண்டுவரும் உரிமை இல்லை. எங்களைப் போலவே தங்களிடம் மனுப் போட வேண்டியவர்கள்தாம். மனு வரிசையில் எங்களுக்கு முன்னால் நிற்கும் பெருமை வேண்டுமானால் அவர்களுக்கு உண்டு.

கடுமை தொனித்திருந்தால் பொறுத்தருள்க. ஏற்றுக்கொண்ட முன்முயற்சிக்குத் தாங்கள் குறிக்கும் தேதி தங்களையும் கட்டுப்படுத்தும் வகையில் குடிமக்கள் முன்முயற்சி விதிகளைத் திருத்த முன்மொழியுங்கள். தேதி தவறினால் பொறுப்பான ஆணையர் நாடாளுமன்றத்தில் நேரில் விளக்கமளிக்க வேண்டும் என்பதையும் அதில் சேருங்கள் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒப்பமிட்டவர்களில் ஒருவர்