குறையை நிரூபிக்கும் சுமை யாருடையது?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டங்களை வகுக்கும் உறுப்பினர்களுக்கும் துறை அலுவலர்களுக்கும் வணக்கம்.

புதிதாக வாங்கிய கார் தயாரிப்பிலேயே குறையுள்ளது என்று தெரியவந்தால், பழுதுநீக்கமோ மாற்று வண்டியோ கொடுத்த பணமோ கேட்கலாம் என்று பல நாட்டுச் சட்டங்கள் சொல்கின்றன. ஆனால் எத்தனை முறை பழுது பார்த்த பின், எத்தனை நாள் காத்திருந்த பின் மாற்று வண்டியோ பணமோ கேட்கலாம் என்பதைச் சொல்லாத சட்டம், வாங்கியவரைப் பாதி வழியில் விட்டுவிடுகிறது. நிறுவனத்துக்கு 'நியாயமான வாய்ப்பு' தரவேண்டும் என்று மட்டும் எழுதி வைத்தால், பத்தாவது பழுதுநீக்கத்தையும் நியாயமான வாய்ப்பு என்றே வழக்கறிஞர்கள் வாதிடுவார்கள்.

அளவைத் தெளிவாகச் சொல்லும் சட்டங்கள் இல்லாமல் இல்லை. அமெரிக்க மாநிலங்களில், குறையுள்ள புதுக் கார் வாங்கியவரைக் காக்கும் 'லெமன் லா' என்ற சட்டத்தை முதலில், 1982-இல், கொண்டுவந்தது கனெக்டிகட். கலிபோர்னியாவில், வாங்கிய 18 மாதங்களுக்குள் அல்லது 18,000 மைலுக்குள், ஒரே குறைக்காக நான்கு முறையோ, உயிருக்கு ஆபத்தான குறையென்றால் இரண்டு முறையோ பழுது பார்க்கப்பட்டிருந்தாலும், மொத்தத்தில் 30 நாளுக்கு மேல் வண்டி பட்டறையில் கிடந்திருந்தாலும், போதிய வாய்ப்பு தரப்பட்டாகிவிட்டது என்றே சட்டம் அனுமானிக்கிறது. பிலிப்பைன்ஸின் 2014-ஆம் ஆண்டுச் சட்டமும் 12 மாதம் அல்லது 20,000 கிலோமீட்டர், நான்கு முயற்சிகள் என்று வரையறுத்திருக்கிறது.

எண்ணிக்கையைவிடக் கடினமானது நிரூபணம். சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் திடீரென்று அணைந்துபோகிற ஒரு காரை எண்ணிப் பாருங்கள். சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோன அன்று அது ஒழுங்காக ஓடும். 'வாடிக்கையாளர் கூறும் குறை தென்படவில்லை' என்று ஜாப் கார்டில், அதாவது பட்டறையின் வேலைப் பதிவுத் தாளில், ஒரு வரி எழுதி வண்டியைத் திருப்பிக் கொடுப்பார்கள். பிறகு வழக்கு என்று வரும்போது, குறையே இல்லை என்பதற்கு அந்த வரிதான் சான்றாகிறது. வண்டியின் கணினிப் பதிவுகளும் வடிவமைப்பு விவரங்களும் நிறுவனத்தின் கையில் இருக்க, நிபுணர் அறிக்கையை மட்டும் வாங்கியவர் தன் செலவில் கொண்டுவர வேண்டும் என்பதை எப்படிச் சமநிலை என்று சொல்வது? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019-ஆம் ஆண்டு விற்பனை நெறிமுறையின்படி, வண்டி கைக்கு வந்த ஓராண்டுக்குள் வெளிப்படும் குறை, ஒப்படைக்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும்; இல்லையென்று காட்டும் பொறுப்பு விற்றவருடையது. எனவே குறை தென்படாத வருகையையும் ஒரு பழுதுநீக்க முயற்சியாகக் கணக்கிடுங்கள். ஜாப் கார்டின் நகலையும் பிழைக் குறியீடுகளையும் கேட்காமலே வாங்கியவருக்குத் தரவேண்டும் என்று விதியுங்கள்.

திருப்பித் தரும் தொகையில் ஓட்டிய தூரத்துக்குப் பணம் கழிப்பதை நான் எதிர்க்கவில்லை. பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டுச் சட்டம் முதல் 30 நாளுக்குள் குறையுள்ள பொருளைத் திருப்பினால் முழுத் தொகையும் தருகிறது. அதற்குப் பின் ஒரு பழுதுநீக்கம் பலிக்காமல் காரைத் திருப்பினால், பயன்பாட்டுக்காகக் கழிக்க இடம் தருகிறது. நியாயம்தான். ஆனால் குறை முதலில் புகாராகப் பதிவான நாளில் இருந்த ஓடோமீட்டர் அளவோடு அந்தக் கழிவு நிற்க வேண்டும். வழக்கை இழுத்தடிக்கும் காலமெல்லாம் நிறுவனத்துக்கு லாபமாகிவிடக் கூடாது.

திருப்பி வாங்கப்பட்ட அந்தக் கார் எங்கே போகிறது என்பதையும் கவனியுங்கள். கழுவித் துடைத்து, பழைய வண்டிச் சந்தையில் இன்னொருவர் தலையில் கட்டப்படலாம். கலிபோர்னியாவில் அத்தகைய வண்டியின் உரிமைச் சான்றில் 'லெமன் லா பைபேக்' என்று பொறிக்கப்படுகிறது. இடப்பக்கக் கதவுச் சட்டகத்தில் வில்லையும் ஒட்டப்படுகிறது. அந்தப் பதிவு எத்தனை கை மாறினாலும் அழியாமல் உரிமைச் சான்றிலேயே தொடர வேண்டும் என்ற விதியையும், மேலே சொன்ன பழுதுநீக்க எண்ணிக்கை வரம்பையும், ஒரே சட்டத்தில் சேர்த்துக் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கார் உரிமையாளர்