எச்சில் போதாது, ஏட்டைப் புரட்ட வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற மாதம் உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். ஒரு குழாயில் எச்சிலைத் துப்பி மரபணுச் சோதனைக்கு அனுப்பினால் போதும், அமெரிக்கக் குடும்பங்கள் தங்கள் நானூறு வருட வம்சாவளியைச் சில வாரங்களில் தெரிந்துகொள்கின்றன என்று அதில் இருந்தது. நான் பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பதினோரு வருடமாக மாசசூசெட்ஸில், வூஸ்டர் கவுண்டியில், மகள் வீட்டில் இருக்கிறேன். கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. மருமகன் இந்த ஊர்க்காரர். அவருடைய அம்மாவும் நானும் சேர்ந்து அந்தக் குடும்பத்தின் பழைய கணக்கை நான்கு வருடமாகத் துருவிக்கொண்டிருக்கிறோம். அவ்வளவு சுலபமாக முடிகிற வேலை இல்லை இது.

எச்சிலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பத்துத் தலைமுறை பின்னால் போனால் ஒரு ஆளுக்கு 1,024 மூதாதையர்கள். அவர்களில் பலருடைய மரபணு இன்றைக்கு நம் உடம்பில் ஒரு துளிகூட இருக்காது. நாலைந்து தலைமுறைக்குள் பிரிந்துபோன சொந்தக்காரர்களைக் கண்டுபிடிக்கச் சோதனை உதவும். 1620-ல் கப்பலேறியவர் யார் என்று அது சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது காகிதம்.

எங்கள் வீட்டில் இது பேரனின் நாலாம் வகுப்புப் பாடத்தில் ஆரம்பித்தது. குடும்ப மரம் வரைந்து வரச் சொல்லியிருந்தார்கள். என் பக்கம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது, கொள்ளுத்தாத்தாவுக்கு மேல் எனக்குத் தெரியாது. சம்பந்தியம்மா பக்கம் ஒரு பெரிய கதை இருந்தது. 1620-ல் இங்கிலாந்திலிருந்து பிளிமத்தில் குடியேற வந்த மேஃப்ளவர் கப்பல்காரர்களின் வழி என்று. போதாததற்கு மூன்று அண்ணன் தம்பிகள் சேர்ந்து வந்தார்கள் என்று இன்னொரு கதை. இங்கே எந்தப் பழைய குடும்பத்தைக் கேட்டாலும் மூன்று சகோதரர்கள்தான் வந்திருக்கிறார்கள். இரண்டு பேரோ நான்கு பேரோ வந்ததாக ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மேஃப்ளவரில் வந்தவர்கள் மொத்தம் 102 பேர். முதல் குளிர்காலம் முடிவதற்குள் கிட்டத்தட்டப் பாதிப் பேர் இறந்துபோனார்கள். அந்த வழி வந்தவர்களுக்கென்று 1897-லிருந்து ஒரு சங்கம் இருக்கிறது. அதில் சேர வேண்டுமானால் ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, திருமணம், இறப்பு என்று ஆதாரம் காட்ட வேண்டும். சம்பந்தியம்மாவிடம் இருந்ததோ இணையத்தில் யாரோ போட்டு வைத்திருந்த ஒரு மரம். அதைப் பார்த்ததும் எனக்குப் பழைய வேலை ஞாபகம் வந்துவிட்டது. மூலப்பத்திரம் எங்கே என்று கேட்டேன்.

அந்தக் கேள்விக்குத்தான் நான்கு வருடம் ஆகியிருக்கிறது.

1850 வரை பெரிய சிரமம் இல்லை. அந்த வருட மக்கள்தொகைக் கணக்கில்தான் அடிமைகளாக இல்லாத எல்லாருடைய பெயரும் முதல்முறையாக எழுதப்பட்டது. அதற்கு முன்னால், 1790-ல் எடுத்த முதல் கணக்கிலிருந்தே, குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான். மற்றவர்கள் வெறும் எண்கள். அதற்கும் பின்னால் போக டவுன் கிளார்க் எழுதிய பேரேடு, தேவாலயக் குறிப்பு, கிரயப் பத்திரம், உயில் இவைதான் கதி. மாசசூசெட்ஸ் அடங்கிய வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தில் ஒவ்வொரு டவுனும் பிறப்பு இறப்பு எழுதி வைத்தது பெரிய அதிர்ஷ்டம். வர்ஜீனியாப் பக்கத்துக்காரர்கள் பாவம். உள்நாட்டுப் போரின்போது பாதுகாப்புக்கு என்று பல கவுண்டிகள் தங்கள் ஏடுகளை ரிச்மண்டுக்கு அனுப்பி வைக்க, 1865 ஏப்ரலில் அந்த நகரம் எரிந்தபோது அவையும் சேர்ந்து எரிந்தன.

எங்கள் முதல் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். வூஸ்டரில் மூன்று மாதம் தேடினோம், 1720-களின் பத்திரம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அப்புறம்தான் உறைத்தது, வூஸ்டர் கவுண்டி உருவானதே 1731-ல். அதற்கு முன்னால் எங்கள் டவுன் மிடில்செக்ஸ் கவுண்டியில் இருந்தது, ஆவணங்களும் அங்கேதான். மாவட்டம் பிரிந்தால் பழைய ஏடு எங்கே இருக்கும் என்று எத்தனையோ பேருக்கு நானே சொல்லி அனுப்பியிருக்கிறேன். எனக்கு என் புத்தி வேலை செய்யவில்லை.

பத்திரங்களைப் பார்த்தபோது மட்டும் சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. நான்கெல்லை இருக்கிறது, நிலம் அளக்கிற சங்கிலியும் அதன் கண்ணியான லிங்கும் இருக்கின்றன. நாம் அளந்த அதே 66 அடிச் சங்கிலி! கற்குவியலில் தொடங்கி, அடையாளம் வெட்டிய வெள்ளை ஓக் மரம் வரை போய், அங்கிருந்து இன்னார் நிலத்தை ஒட்டித் திரும்பி என்று எழுதியிருப்பார்கள். எல்லைக்காரர்களின் பெயர்தான் பொக்கிஷம். ஒரே டவுனில் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். யார் எவர் என்று எங்களுக்குக் காட்டிக்கொடுத்தது பக்கத்து நிலத்துக்காரரின் பெயரும், பத்திரத்தில் சம்மதக் கையெழுத்து வைத்த மனைவியின் பெயரும்தான். பெயரோடு சீனியர், ஜூனியர் என்று போட்டிருந்தால் அப்பா, மகன் என்று நினைத்துவிடக் கூடாது. ஊரில் வயதில் மூத்தவர் சீனியர், அவ்வளவுதான். அவர் செத்ததும் ஜூனியர் சீனியர் ஆகிவிடுவார். உறவுப் பெயர்கள் அதைவிட மோசம். மாமியார் என்று எழுதியிருப்பது மாற்றாந்தாயாக இருக்கலாம். கசின் என்று எழுதியிருப்பது அண்ணன் மகனாக இருக்கலாம். அத்தைக்கும் சித்திக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கும் நமக்கு இது பெரிய தலைவலி.

ஒரு நாள் சம்பந்தியம்மா முகம் சிவந்துபோய் உட்கார்ந்திருந்தார். அவருடைய முன்னோர் ஒருவருக்கு 1717 ஏப்ரலில் கல்யாணம், முதல் குழந்தை 1717 பிப்ரவரியில். டவுன் ஏட்டில் தெளிவாக இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே குழந்தையா என்று அவருக்குக் கவலை. இணைய மரங்களில் இதற்கு ஒரு தீர்வும் வைத்திருந்தார்கள். அந்த மனிதருக்கு ஒரு முதல் மனைவியைக் கட்டி வைத்து, பிரசவத்தில் அவள் இறந்ததாக எழுதியிருந்தார்கள். பதினேழு மரங்களில் அந்தப் பெண் இருந்தாள், ஒரு ஏட்டிலும் இல்லை.

விஷயம் காலண்டரில் இருந்தது. 1752 வரை இங்கிலாந்திலும் அதன் காலனிகளிலும் புது வருடம் பிறந்தது மார்ச் 25-ல். ஆகவே 1717 ஏப்ரலுக்குப் பத்து மாதம் கழித்து வந்த பிப்ரவரியும் 1717தான். நம் கணக்கில் அது 1718. குழந்தை முறைப்படி பத்தாம் மாதம் பிறந்திருக்கிறது. இதனால்தான் கவனமான குமாஸ்தாக்கள் 1717/18 என்று இரண்டு வருடத்தையும் போட்டார்கள், எங்கள் டவுன்காரர் போடவில்லை. 1752-ல் காலண்டரை மாற்றியபோது செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14 ஆகிவிட்டது. ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தபோது எழுதிய தேதி பிப்ரவரி 11, இன்று கொண்டாடுவது 22. இல்லாத அந்த முதல் மனைவிக்காக எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பதினேழு குடும்பங்கள் அவளுக்கு அஞ்சலி எழுதியிருந்தன.

மேஃப்ளவர் கதை உடைந்தது இன்னொரு பெண்ணிடம். 1764-ல் இந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தவர், பிளிமத் பக்கத்தில் 1739-ல் பிறந்தவர் என்று மரம் சொல்லியது. அந்த டவுனின் ஏட்டைப் பார்த்தால் அந்தக் குழந்தை மூன்று வயதில் இறந்திருக்கிறது. சரி, இறந்த குழந்தையின் பெயரை அடுத்த குழந்தைக்கு வைப்பது அன்றைய வழக்கம், அப்படி ஒரு தங்கை இருக்கலாம் என்று தேடினோம். தங்கை இருந்தாள், 1743-ல் பிறந்திருக்கிறாள். சம்பந்தியம்மா கைதட்டினார். ஆனால் தகப்பனாரின் உயிலில் அந்த மகளை வேறொருவரின் மனைவி என்று தெளிவாக எழுதியிருந்தது. அன்று இருவரும் ஒன்றும் பேசாமல் காபி குடித்தோம். கொஞ்ச நேரம் கழித்து அவர்தான் கேட்டார், "அப்படியானால் நம் பெண் யார்?"

பதில் எதிர்பாராத ஒரு பட்டியலில் கிடைத்தது. அந்தக் காலத்தில் வெளியூரிலிருந்து ஏழைகள் வந்து தங்கினால், பிற்பாடு அவர்களுக்குச் சோறு போடும் பொறுப்பு டவுன் தலையில் விழும். அதைத் தவிர்க்க, கான்ஸ்டபிளை அனுப்பி, ஊரை விட்டுப் போகும்படி அறிவிப்புக் கொடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் யாரையும் பிடித்துத் துரத்தவில்லை. அறிவிப்புக் கொடுத்தாகிவிட்டது என்று கோர்ட்டில் பதிந்துவிட்டால் செலவு டவுனுக்கு இல்லை. வூஸ்டர் கவுண்டியில் 1737 முதல் 1788 வரை கொடுத்த இந்த அறிவிப்புகளைத் தொகுத்து 1899-ல் புத்தகமாகவே போட்டிருக்கிறார்கள். 1763-ல் அந்தப் பெயரில் ஒரு தனிப் பெண், கடைசியாக மிடில்செக்ஸில் உள்ள கான்கார்டிலிருந்து வந்தவர். மறு வருடம் கல்யாணம். இந்த ஒரு வரியை மட்டும் வைத்து அவர்தான் இவர் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அந்த டவுனில் அப்போது அந்தப் பெயரில் வேறு பெண் இல்லை என்று மட்டும் சொல்வேன். சம்பந்தியம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "எங்களை வெளியே போகச் சொல்லி இருநூற்று அறுபது வருடம் ஆகிறது, இன்னும் போகவில்லை" என்றார்.

சிரிக்க முடியாத பக்கம் ஒன்றும் வந்தது. அந்த 1717 மாப்பிள்ளை 1748-ல் இறந்தபோது எடுத்த சொத்துப் பட்டியல். இறகு மெத்தை, பியூட்டர் தட்டுகள், இரும்புச் சட்டி, தறி, ஒரு ஜோடி எருது, ஒரு பெண்குதிரை. அடுத்த வரியில் ஒரு கறுப்பினப் பெண். பெயர் இல்லை, விலை இருக்கிறது, குதிரையின் விலையைவிட அதிகம். அடிமைமுறை தெற்கே மட்டும்தான் இருந்தது என்று சம்பந்தியம்மா எழுபது வருடமாக நினைத்திருந்தார். மாசசூசெட்ஸில் நீதிமன்றத் தீர்ப்புகளால் அது ஒழிந்தது 1783 வாக்கில்தான். உயிலை நானும் படித்தேன், அதில் அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு சொல் இல்லை. தேவாலய ஏட்டில் தேடிப்பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது. நியூ இங்கிலாந்தின் பழைய தேவாலய ஏடுகளைப் பாஸ்டனில் உள்ள ஒரு நூலகம் படமெடுத்து வெளியிட்டு வருகிறது. ஏழு மாதம் கழித்து, ஒரு ஞானஸ்நான வரியில், இன்னாரின் வேலைக்காரி என்ற குறிப்போடு ஒரு பெயர் கிடைத்தது. வேலைக்காரி என்று மரியாதையாக எழுதியிருந்தாலும் பல இடங்களில் அதற்கு அர்த்தம் அடிமைதான். அடிமைப்பட்டவர்களின் பெயர்களைத் திரட்ட 2023-ல் பாஸ்டனில் 'பத்து மில்லியன் பெயர்கள்' என்ற திட்டம் தொடங்கினார்கள். சம்பந்தியம்மா அந்த வரியை அவர்களுக்கு அனுப்பி வைத்தார்.

நம் வாசகர்களுக்காக இன்னொன்று. வர்ஜீனியாவில், கப்பல் செலவு கொடுத்து ஒரு ஆளைக் கொண்டுவந்தால் தலைக்கு 50 ஏக்கர் நிலம் கேட்டு வாங்கலாம். 1635-ல் ஜார்ஜ் மெனிஃபி என்பவரின் அப்படியான ஆள் கணக்கில் 'டோனி, கிழக்கிந்தியன்', அதாவது நம் இந்தியப் பக்கத்திலிருந்து வந்தவர், என்று ஒருவர் இருக்கிறார். எந்த ஊர், யார் மகன், என்ன மொழி, ஒன்றும் கிடையாது. யாரோ ஒருவருக்கு நிலம் கிடைத்ததால் அவர் பெயர் தப்பியது. அதுவும் அவருக்குப் பெற்றோர் வைத்த பெயராக இருக்காது.

உங்கள் வாசகர் வீடுகளில் இப்போது இப்படிச் சம்பந்திகள் நிறைய. யாராவது இந்த வேலையில் இறங்கினால் என் வேண்டுகோள் ஒன்றுதான். பேமிலிசர்ச் தளத்தில் கோடிக்கணக்கான ஏட்டுப் பக்கங்களைக் காசில்லாமல் பார்க்கலாம். அங்கே மற்றவர்கள் கட்டிய மரத்தை நகலெடுக்காதீர்கள், பக்கத்தின் படத்தைத் திறந்து எழுத்து எழுத்தாகப் படியுங்கள். பழைய நீள 'எஸ்' எழுத்து 'எஃப்' போலவே இருக்கும். எங்கள் ஜெஸ்ஸி ஒருவரை அட்டவணையில் ஜெஃபி என்று போட்டிருந்ததால் ஆறு மாதம் காணாமல் போயிருந்தார். உங்கள் கட்டுரையாளரும் அடுத்த முறை எழுதும்போது ஒரு ஏட்டையாவது புரட்டிவிட்டு எழுதினால் நன்றாக இருக்கும்.

பேரன் இப்போது எட்டாம் வகுப்பு. அவனுடைய பழைய படம் இன்னும் சமையலறைச் சுவரில் இருக்கிறது. மேஃப்ளவர் இருந்த இடத்தை அழித்து, கான்கார்டுப் பெண்ணின் பெற்றோருக்கு இரண்டு கட்டங்களைப் பென்சிலால் போட்டு வைத்திருக்கிறான். அவள் அனாதையாக இருந்திருந்தால் கார்டியன் நியமித்த காகிதம் ஏதாவது மிடில்செக்ஸ் கோப்புகளில் இருக்கலாம். அதைப் பார்க்க வருகிற வியாழக்கிழமை நாங்கள் இருவரும் பாஸ்டன் ஆவணக் காப்பகத்துக்குப் போகிறோம். சம்பந்தியம்மா பூதக்கண்ணாடி எடுத்து வைத்துவிட்டார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பத்திரப்பதிவு ஊழியர், உங்கள் வாசகி,
வூஸ்டர் கவுண்டி, மாசசூசெட்ஸ்