பத்திர எழுத்தர் கேட்ட ஒரே கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்குக் கல்யாணம் ஆனது 1988 தை மாதம். என் தங்கைக்கு 1990 ஆவணியில். 1998இல் எங்கள் ஐயன் பூர்வீகக் காடு நாலேகால் ஏக்கரையும் கிணற்றையும் தம்பி பேருக்கு எழுதிவைக்கக் கிளம்பினார். மதியச் சோற்றுப் போசியைத் தூக்கிக்கொண்டு நானும் தங்கையும் கூடப் போனோம். பத்திர எழுத்தர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக் கேட்டது ஒரே கேள்விதான்: “உங்களுக்கெல்லாம் எந்த வருசமுங்க கல்யாணம்?” சொன்னோம். தங்கையை விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். என்னிடம், “உங்க கையெழுத்து வேண்டியதில்லீங்க” என்றார்.

தங்கை ஐந்து பவுன் வாங்கிக்கொண்டு பங்கை விட்டுக்கொடுத்தாள். அது அவள் இஷ்டம். எனக்கு விட்டுக்கொடுக்கக்கூட ஒன்றும் இல்லை. ஒரே வயிற்றில் பிறந்து, அதே காட்டில் களை பறித்தவர்கள் நாங்கள்.

காரணம் பிற்பாடுதான் தெரிந்தது. மகளும் மகனைப் போலப் பிறப்பாலேயே பங்காளி என்று தமிழ்நாட்டுச் சட்டம் சொன்னது 1989 மார்ச் 25 முதல். அதற்கு முன்பே கல்யாணமாகிப் போனவர்களுக்கு இல்லை. 2005இல் மத்திய சட்டம் அந்த நிபந்தனையை எடுத்தது. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பாகப்பிரிவினைகளைத் தொடவில்லை. எங்கள் பத்திரம் ஆறு வருசம் மூத்தது.

ஈரோட்டுப் பெரியாரின் சுயமரியாதை மாநாடு 1929இலேயே செங்கல்பட்டில் பெண்ணுக்குச் சம சொத்துரிமை கேட்டது. அரசியல் சட்டம் 1950இல் நடைமுறைக்கு வந்தது. அப்புறமும் 39 வருசம் ஏன் காத்திருக்க வேண்டும்? 15ஆவது உறுப்பு, ஆண் பெண் என்று பார்த்து அரசு பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. சரி, வீட்டுக்குள்ளும் காட்டுக்குள்ளும்? சம வேலைக்குச் சம ஊதியம் 39ஆவது உறுப்பில் இருக்கிறது. ஆனால் அது வழிகாட்டு நெறி, அதை வைத்து மட்டும் நீதிமன்றத்தில் கேட்க முடியாது. எங்கள் பக்கம் கடலைக்காய் பறிக்க ஒரே வரிசையில் குனிந்தாலும் ஆம்பளையாள் கூலி வேறு, பொம்பளையாள் கூலி வேறுதான்.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. கணவனை இழந்த, பிள்ளையில்லாத இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவள் சம்பாதித்த சொத்து முதலில் கணவரின் வாரிசுகளுக்குப் போகிறது. பெற்ற தாய்க்கு அதற்குப் பிறகுதான். மகன் இறந்தால் அதே தாய் முதல் வரிசை வாரிசு.

சாதாரணச் சட்டமாகக் கொடுத்தால் இப்படித்தான் தேதியும் விலக்கும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. சொத்திலும் வாரிசுரிமையிலும் கூலியிலும் ஆணும் பெண்ணும் சமம் என்று அரசியல் சட்டத்தின் அடிப்படை உரிமைகள் பகுதியிலேயே தெளிவாக எழுத வேண்டும். பெண்களுக்கான சிறப்பு ஏற்பாடுகளை அனுமதிக்கும் 15(3) அப்படியே இருக்கட்டும். ஈரோடு, திருப்பூர், கோவை, நாமக்கல் எம்.பி.க்கள் கட்சி பார்க்காமல் சேர்ந்து, அமைச்சரல்லாத எம்.பி.யும் கொண்டுவரக்கூடிய தனிநபர் மசோதாவாகவாவது இதைக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி, அறச்சலூர், ஈரோடு மாவட்டம்