வீட்டு ஜெபத்தை ஞாயிறு பள்ளியிடம் ஒப்படைத்துவிட்டோம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்தோத்திரம். வாலிபப் பிள்ளைகள் ஏன் ஆலயத்தைவிட்டு விலகுகிறார்கள் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். செல்போன், சினிமா, கல்லூரி நட்பு என்று அதில் சொல்லியிருந்த காரணங்களை நான் மறுக்கவில்லை. ஆனால் பல வருடங்களாக ஞாயிறு பள்ளியில் பாடம் எடுப்பவள் என்ற முறையில், எனக்குத் தெரிகிற காரணம் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பிள்ளைகளுக்கு விசுவாசத்தைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை முழுக்க ஞாயிறு பள்ளியிடம் விட்டுவிட்டோம்.

ஞாயிறு பள்ளி யாருக்காக வந்தது? 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் அதை நடத்தியது, வாரம் முழுக்க வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்காக. எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுக்கொள்ள அவர்களுக்கு ஞாயிறு ஒன்றுதான் கிடைத்தது. தாயும் தகப்பனும் வேதம் வாசிக்கத் தெரிந்த வீடுகளின் வேலையை எடுத்துக்கொள்ள அது ஏற்படவில்லை. அதற்கும் வெகுகாலம் முன்பே, 1529இல், சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய ஜெர்மானியர் மார்ட்டின் லூத்தர், விசுவாசத்தின் அடிப்படைகளைக் கேள்வி பதிலாகச் சொல்லும் சிறிய ஞானோபதேசத்தை எழுதினார். பத்துக் கற்பனைகள், விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம் என்று ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும், குடும்பத் தலைவர் இதைத் தம் வீட்டாருக்கு எளிமையாகக் கற்றுக்கொடுக்கும் விதம் என்று குறித்தார். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு அதைத் தமிழில் தந்தார். இன்றும் ஞானஸ்நான ஆராதனையில் பிள்ளைக்காக வாக்குக் கொடுப்பவர்கள் பெற்றோரும் ஞானப்பெற்றோரும்தான். ஞாயிறு பள்ளி ஆசிரியரை அங்கே யாரும் எழுந்து நிற்கச் சொல்வதில்லை.

எங்களுக்குக் கிடைப்பது வாரத்துக்கு ஒரு மணி நேரம். அதில் பாட்டு, மனப்பாட வசனம், காணிக்கை, வருகைப் பதிவு எல்லாம் போக, கதை சொல்ல எவ்வளவு நேரம் இருக்கும்? மே மாதத்தில் விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கும்போது ஆலய வளாகம் நிரம்பி வழியும். ஜூன் பிறந்ததும் பாதிப் பேர் வரமாட்டார்கள். ஒன்பதாம் வகுப்பு வந்துவிட்டால் ஞாயிறு காலையில் டியூஷன். முதல் நற்கருணைக்குமுன் நடக்கும் திடப்படுத்தல் வகுப்புக்கு மட்டும் வந்து, கேள்வி பதிலை ஒப்பித்து, வெள்ளை உடையில் படம் எடுத்துக்கொண்டு, முதல் நற்கருணையோடு பல பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். பரீட்சையைப் பற்றிப் பெற்றோருக்கு இருக்கும் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இரண்டில் ஒன்றை விடவேண்டி வரும்போது வீட்டில் எதை விடுகிறார்கள் என்று பிள்ளை பார்த்துக்கொண்டேதான் இருக்கிறது.

பிள்ளைகள் வேறு பலவற்றையும் பார்க்கிறார்கள். தேவன் பட்சபாதம் உள்ளவரல்ல என்று நாங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். அதே பிள்ளையின் அக்காவுக்கு மாப்பிள்ளை தேடும்போது, கிறிஸ்தவ வரன் வேண்டும் என்பதற்குப் பக்கத்திலேயே சாதியையும் போடுகிறார்கள். பேராயரின் கீழுள்ள சபைகளின் நிர்வாகமான திருமண்டலத்துக்குத் தேர்தல் வந்தால் ஆலய வாசலில் பெரியவர்கள் போடும் சண்டையும், அது நீதிமன்றம் வரை போவதும் வாலிபர்களுக்குத் தெரியாதா? பதினாறு வயதுப் பிள்ளை ஒருநாள் இதைக் கேட்கிறது. பதில் சொல்லாமல் பெரியவர்கள் அதட்டுகிறார்கள். அன்றைக்கு அந்தப் பிள்ளை மனதளவில் வெளியே போய்விடுகிறது. ஆலயத்துக்கு வராமல் நிற்பது அதற்கும் சில வருடம் கழித்துத்தான்.

கேள்வி கேட்பது அவிசுவாசம் என்ற எண்ணம் நம்மிடம் எப்படி வந்தது என்றே எனக்குத் தெரியவில்லை. எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பஸ்கா பண்டிகையைப் பற்றிச் சொல்லும் யாத்திராகமம் 12ஆம் அதிகாரம், பிள்ளைகள் இதன் கருத்து என்ன என்று கேட்பார்கள் என்பதை முன்கூட்டியே எதிர்பார்த்து, என்ன பதில் சொல்ல வேண்டும் என்றும் சொல்கிறது. பன்னிரண்டு வயது இயேசு தேவாலயத்தில் போதகர்கள் நடுவில் உட்கார்ந்து கேட்டதும் வினவியதும் லூக்காவில் இருக்கிறது. பாட்டிக்காக அவ்வளவு ஜெபித்தோமே, ஏன் இறந்துபோனார்கள்? பக்கத்து வீட்டு இந்துத் தாத்தா நல்லவர்தானே, அவர் எங்கே போவார்? இப்படிக் கேட்கும் பிள்ளைக்கு, எனக்கும் முழுசாகத் தெரியவில்லை, வா, சேர்ந்து வாசிப்போம், சேர்ந்து ஜெபிப்போம் என்று சொல்லும் தாய், அடக்கி உட்காரவைக்கும் பத்துப் பிரசங்கிமாரைவிட அதிகம் கற்றுக்கொடுக்கிறாள்.

இதற்கெல்லாம் இடம் குடும்ப ஜெபம்தான். முன்பு நம் ஊர்களில் விளக்கு வைத்ததும் ஒரு கீர்த்தனை, ஆளுக்கொரு வசனமாக ஒரு சங்கீதம், அப்புறம் அப்பாவின் நீண்ட ஜெபம் என்று இருந்தது. பிள்ளைகள் அதிலேயே தூங்கிவிடுவார்கள். அதை அப்படியே கொண்டுவரச் சொல்லவில்லை. பத்து நிமிடம் போதும். ஒரு பத்தியைப் பிள்ளை வாசிக்கட்டும். ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகள் பழைய தமிழ் வேதாகமத்தில் தட்டுத்தடுமாறும்போது திட்டாதீர்கள். ஒருமுறை வெட்கப்பட்ட பிள்ளை மறுபடி அந்தப் புத்தகத்தைத் தொடாது. ஆங்கிலத்தில் வாசித்தாலும் சரி, எளிய தமிழ் மொழிபெயர்ப்பில் வாசித்தாலும் சரி. வாசித்தபின் பிள்ளை ஒரு கேள்வி கேட்கட்டும். தொலைக்காட்சி அணைந்திருக்கட்டும், பெரியவர்களின் செல்போனும்தான். அப்பா கப்பலிலோ வளைகுடாவிலோ இருந்தால், அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை என்றால், வாரத்தில் இரண்டு நாள் வீடியோ அழைப்பிலாவது சேர்ந்துகொள்ளலாம்.

வீட்டில் ஒருவர்தான் விசுவாசி என்று சில தாய்மார் என்னிடம் கவலைப்படுவதுண்டு. அப்போஸ்தலன் பவுலின் உடன் ஊழியனான தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன். அந்த வீட்டில் விசுவாசத்தைக் கொடுத்தவர்கள் என்று பவுல் எழுதுவது பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும்தான். பாட்டிமார் இருக்கும் வீடுகள் இன்னும் நம்மிடையே நிறைய உண்டு. அவர்களை மாலையில் சீரியலுக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டு, பிள்ளையை டியூஷனுக்கு அனுப்புகிறோம்.

உங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். சிறுவர் பக்கத்தில் இப்போது வரும் புதிர், வண்ணம் தீட்டும் படம் ஆகியவற்றோடு, ஒவ்வொரு இதழிலும் குடும்ப ஜெபத்துக்கென்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நாளுக்கொரு சிறு வேதபகுதியும், பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து பேச ஒரு கேள்வியும் இருந்தால் போதும். பதிலை அச்சிட வேண்டாம். பிள்ளைகள் கேட்கும் கேள்விகளை எங்களைப் போன்ற ஆசிரியர்கள் எழுதி அனுப்புகிறோம். எங்கள் வகுப்பில் கேட்டவற்றில் சிலவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருவர்,
தூத்துக்குடி மாவட்டம்